மாதிரிக் கார்டும் வெட்டாத ஷீட்டும்: பேஸ்பால் கார்டு சேகரிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் வாங்கிய ‘புரோட்டோடைப்’ (மாதிரி) பேஸ்பால் கார்டு, அதாவது ஆட்டக்காரர் படம் அச்சிட்ட அட்டை, புரோட்டோடைப்பே இல்லை. 1970களில் கடையில் விற்ற டாப்ஸ் என்ற கம்பெனியின் சாதாரணக் கார்டு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, பின்பக்கத் தாளை மெதுவாக உரித்து எடுத்துவிட்டு, பின்னால் அச்சு இல்லாததால் இது அச்சகத்துக்குள் எடுத்த மாதிரி என்று சொல்லி எனக்கு 220 டாலருக்கு விற்றுவிட்டார்கள். அடுத்ததாக வாங்கிய வெட்டாத ஷீட் (பல கார்டு சேர்ந்தே அச்சான பெரிய தாள்) அசல்தான், ஆனால் அதைக் கைமுட்டி நுழையாத குழாய்க்குள் சுருட்டி அனுப்பியதில் முழு நீளத்துக்கும் மடிப்புக் கோடுகள் விழுந்து வந்து சேர்ந்தது. இரண்டு வருடத்தில் இப்படிப் பட்டுக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அமெரிக்காவில் இருந்துகொண்டு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் செலவுக் கணக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

1. என்ன வாங்கப் போகிறீர்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

விற்பனைக்கு வைப்பவர்கள் ‘புரோட்டோடைப்’ என்ற ஒரே சொல்லில் ஐந்து வகைச் சாமான்களை அடக்கிவிடுவார்கள். விலை வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும்.

உண்மையான மாதிரிக் கார்டு என்பது கம்பெனி தனக்குள் வடிவமைப்பைப் பார்க்கவும், அனுமதி தரவேண்டியவர்களிடம் காட்டவும் செய்தது. கடைக்கு வராது, எண்ணிக்கையும் மிகக் குறைவு.

புரூஃப் என்பது அச்சு ஓட்டுவதற்கு முன் நிறமும் எழுத்தும் சரியா என்று பார்க்க எடுப்பது. பெரும்பாலும் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகவோ இரண்டு மூன்றாகச் சேர்த்தோ எடுத்தவையும் உண்டு. புரூஃபை ஏன் இப்படித் தேடுகிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். ரெஜி ஜாக்சன் 1976இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு ஆடிவிட்டு, அந்த நவம்பரிலேயே நியூயார்க் யாங்கீஸில் சேர்ந்தார். டாப்ஸ் அவருடைய 1977 கார்டை ஓரியோல்ஸ் உடையிலேயே தயார் செய்து புரூஃப் எடுத்துவிட்டது. அப்புறம் யாங்கீஸ் உடையைப் படத்தின் மேலேயே வரைந்து மாற்றித்தான் கடைக்கு அனுப்பினார்கள். அந்த ஓரியோல்ஸ் புரூஃப் கையில் கிடைத்தவர் அதை விடமாட்டார்.

சோதனை விற்பனைக் கார்டு என்பது சில கடைகளில் மட்டும் போட்டுப் பார்த்தது. 1968 டாப்ஸ் முப்பரிமாணக் கார்டு இதில் பெயர்பெற்றது. மொத்தமே 12 கார்டு, அதில் ரொபெர்ட்டோ கிளமென்டேயும் ஒருவர்.

நான்காவது, வியாபாரிகளுக்குக் கொடுத்த புரொமோ. புதியவர்கள் அதிகமாக ஏமாறுவது இதில்தான். 1990களில் ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் கார்டின் பின்னால் ‘புரோட்டோடைப்’, ‘சாம்பிள்’, ‘ப்ரீ புரொடக்‌ஷன்’ என்று அச்சடித்துக் கட்டுக்கட்டாகக் கொடுத்தன. கம்பெனியே அச்சடித்த சொல்தான், பொய் கிடையாது. ஆனாலும் அது அரிய சாமான் ஆகிவிடாது, பலவற்றைச் சில டாலருக்கு வாங்கலாம். எல்லாப் புரொமோவும் மலிவு என்றும் நினைத்துவிடாதீர்கள். அப்பர் டெக் கம்பெனி தன் முதல் செட்டுக்கு (ஒரு வருடத்துக் கார்டு வரிசைக்கு) முன்னால் 1988இல் கொடுத்த வாலி ஜாய்னர், டிவெய்ன் பியூஸ் கார்டுகள் இரண்டையும் பின்பக்க ஹாலோகிராம் உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்து வகை பிரிக்கிறார்கள், வகைக்கு வகை விலை மாறும்.

ஐந்தாவது, வெட்டாத ஷீட். அதற்குத் தனியாக வருகிறேன்.

விளம்பரத்தைப் பார்த்ததும் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த ஐந்தில் இது எது, எப்படித் தெரியும்? பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.

2. ஷீட்டின் கணக்கைப் படித்துக்கொள்ளுங்கள்

சிவகாசியில் காலண்டரோ லேபிளோ அச்சாவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே பெரிய தாளில் பல கார்டுகளை அடுக்கி அச்சடித்து, அப்புறம் வெட்டுவார்கள். வெட்டாமல் வெளியே வந்த தாள்தான் நமக்கு வேண்டியது.

1957இலிருந்து டாப்ஸின் வழக்கமான கார்டு அளவு 2.5க்கு 3.5 இன்ச். 1970, 80களின் டாப்ஸ் ஷீட் என்றால் வரிசைக்கு 11 கார்டு, 12 வரிசை, ஆக 132. கார்டுகள் மட்டுமே 27.5க்கு 42 இன்ச் வரும், ஓரத்து வெள்ளையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அச்சு இயந்திரத்தில் இப்படி இரண்டு பாதி சேர்ந்து 264 ஆக ஓடியது; விற்பனைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பாதிதான். யாராவது ‘முழு ஷீட்’ என்றால் எத்தனை கார்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 33, 66 கார்டு உள்ள துண்டுகளும் அதே பெயரில் விற்கப்படுகின்றன.

இந்த 132 தெரிந்தால் பல விஷயம் தானாக விளங்கும். 1982 முதல் 1992 வரை டாப்ஸ் செட் 792 கார்டு, அதாவது சரியாக ஆறு ஷீட். 1978 முதல் 1981 வரை 726 கார்டுதான், ஆறு ஷீட்டை நிரப்ப 66 கார்டுகளை இரண்டு தடவை அச்சடித்தார்கள். அதனால் அந்த வருடத்து ஷீட் ஒன்றில் ஒரே ஆட்டக்காரர் இரண்டு இடத்தில் இருந்தால் பதறாதீர்கள், அது போலி என்பதற்கு அடையாளம் இல்லை. 1980களின் டாப்ஸ் கார்டைத் திருப்பிப் பார்த்தால் பதிப்புரிமை வரிக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் நட்சத்திரக் குறியும் இருக்கும். அது எந்த ஷீட்டைச் சேர்ந்தது என்பதற்கான குறி. ஆறு ஷீட்டையும் சேர்க்க நினைக்கிறவர்கள் இந்த எழுத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு ஷீட்டின் விலையைத் தீர்மானிப்பது அதில் யாருடைய முதல் வருடக் கார்டு இருக்கிறது என்பதுதான். 1982 டாப்ஸில் கால் ரிப்கென் இருக்கும் ஷீட்டும் இல்லாத ஷீட்டும் ஒரே விலைக்கு வராது. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அளவுக்கு மீறி அச்சடித்துத் தள்ளினார்கள், அந்தக் காலத்து நட்சத்திரம் இல்லாத ஷீட்டுகள் மலிவாகவே கிடைக்கும், அனுப்பும் செலவு ஷீட்டின் விலையைத் தாண்டுவதும் உண்டு. கற்றுக்கொள்ள முதல் ஷீட் வாங்குவதாக இருந்தால் அதில் ஒன்றை வாங்குங்கள்.

3. விலையை எங்கே பார்ப்பது

ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். அது சுமார் 90 நாள் வரைதான் காட்டும். சாதாரணக் கார்டுக்கு அது போதும், புரூஃபுக்கும் பழைய ஷீட்டுக்கும் போதாது, ஏனென்றால் ஒரே சாமான் மறுபடி விற்பனைக்கு வர வருடக்கணக்கில் ஆகலாம். அதற்கு ஹெரிட்டேஜ், ராபர்ட் எட்வர்ட் ஆக்‌ஷன்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவுகளைத் தேடுங்கள். ஹெரிட்டேஜில் இலவசமாகக் கணக்குத் தொடங்கினாலே பழைய விலைகள் தெரியும். நான் ஒரு சாமானை வாங்குவதற்கு முன் குறைந்தது மூன்று பழைய விற்பனைகளையாவது தேதியோடு எழுதி வைத்துக்கொள்கிறேன். மூன்று கிடைக்கவில்லையென்றால் நெருங்கிய வகை எதையாவது பார்த்து, அதற்கும் கீழேதான் என் உச்ச விலையை வைப்பேன். 2021ஐ ஒட்டி விற்ற விலைகளை அப்படியே நம்பாதீர்கள், கார்டு விலை எல்லாமே அப்போது எகிறிக் கிடந்தது.

4. மூன்று கருவிகள், மொத்தம் 60 டாலருக்குள்

10 மடங்கு பெரிதாக்கும் லூப், தடிமன் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர், சின்ன புற ஊதா டார்ச். இந்த மூன்றும் இருந்திருந்தால் என் 220 டாலர் போயிருக்காது.

லூப் வைத்து எழுத்துகளையும் கறுப்புக் கோடுகளையும் பாருங்கள். அசல் ஆஃப்செட் அச்சில் படம் புள்ளி புள்ளியாக இருந்தாலும் கறுப்பு எழுத்து திட்டமாக, ஒரே மையாக இருக்கும். ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்த போலியில் எழுத்தும் புள்ளிகளாக உடைந்திருக்கும். இங்க்ஜெட்டில் எடுத்தது என்றால் புள்ளிகள் ஒழுங்கே இல்லாமல் தெறித்துக் கிடக்கும்.

வெறும் பின்பக்கம் என்று சொன்னால் காலிப்பரை எடுத்துவிடுங்கள். அதே வருடத்துச் சாதாரணக் கார்டு ஒன்றைச் சில்லறை விலைக்கு வாங்கி இரண்டையும் அளந்து பாருங்கள். உரித்த கார்டு மெலிந்திருக்கும், பின்பக்கம் தடவினால் பஞ்சு போல நார் எழும்பியிருக்கும், சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பழைய அச்சின் நிழல்கூடத் தெரியலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அசல் புரூஃபை வேறு தாளில் எடுத்திருக்கவும் கூடும், அதனால் தடிமன் மாறுவது மட்டுமே போலி என்பதற்குச் சாட்சி ஆகாது. நாரும் நிழலும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

புற ஊதா டார்ச் போருக்கு முந்தைய கார்டுகளுக்குத்தான். தாளைப் பளிச்சென்று காட்டும் ரசாயனம் பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆகவே 1910இன் கார்டு என்று சொல்லப்படுவது இருட்டில் நீலமாக ஒளிர்ந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். 1970, 80களின் கார்டுக்கு இந்தச் சோதனை பெரிதாக உதவாது.

5. காகிதங்கள்தான் பாதி விலை

கடைக்கு வராத சாமான் என்றால் அது எப்படி வெளியே வந்தது என்ற கேள்வி எப்போதும் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் நாளைக்கு விற்கப் போகும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

டாப்ஸ் தன் பழைய கோப்பிலிருந்த புரூஃப், படம், மாதிரி போன்றவற்றை ‘டாப்ஸ் வால்ட்’ என்ற பெயரில் ஈபேயில் நேரடியாக விற்றது. அவற்றோடு ஹாலோகிராம் ஸ்டிக்கரும் சான்றிதழும் வரும். 1989இல் கெர்ன்சிஸ் நிறுவனம் நியூயார்க்கில் டாப்ஸின் சேமிப்பிலிருந்த மூலப் படங்களை ஏலம் விட்டது. இந்த இரண்டு வழியில் வந்தவை என்று காட்ட முடிந்தால் பிறப்புச் சான்று கையில் இருப்பது மாதிரி. சான்றிதழ் மட்டும் போதாது, ஸ்டிக்கரிலுள்ள எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சான்றிதழை ஒரு கார்டோடும் அசலை வேறு கையிலும் பிரித்து விற்கிற ஆட்கள் உண்டு.

முன்னாள் ஊழியர் குடும்பத்திலிருந்து வந்தது என்று சொன்னால், யார், எந்த வருடம், என்ன வேலை என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் கேளுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் அந்தக் கதைக்கு ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள். யாரோ தானே அச்சடித்துக் கொடுத்த ‘அசல் என்று உறுதியளிக்கிறோம்’ தாளுக்கும் மதிப்பு கிடையாது.

பிஎஸ்ஏ, பெக்கெட், எஸ்ஜிசி போன்ற, கார்டின் நிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று தரமிடும் நிறுவனங்களின் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் கார்டு என்றால் உறையிலுள்ள எண்ணை அவர்களுடைய தளத்திலேயே அடித்துப் பாருங்கள், விற்பவர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். முழு ஷீட்டை இப்படி உறையில் போட முடியாது, அதனால் ஷீட்டுக்குக் காகிதங்கள் இன்னும் முக்கியம்.

ஒவ்வொரு சாமானுக்கும் நான் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். ரசீது, ஏலப் பட்டியலின் அந்தப் பக்கம், விற்பவரோடு பேசிய செய்திகள், பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படங்கள். லாபத்துக்கு விற்றால் வரி உண்டு, சேகரிப்புப் பொருட்களுக்கு நீண்டகால லாப வரி 28 சதவிகிதம் வரை போகலாம், வாங்கிய விலைக்கு ரசீது இல்லாவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

6. பணம் கட்டும்போது

பேபாலில் நண்பர்கள், குடும்பம் என்ற வழியில் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மூன்று சதவிகிதம் மிச்சமாகும் என்று ஆசை காட்டுவார்கள், அந்த ஆசையில்தான் நான் விழுந்தேன். அந்த வழியில் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பொருள், சேவை என்ற வழியில் கட்டினால் 180 நாள் வரை புகார் கொடுக்கலாம். ஈபேயில் சாமான் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாள். அந்த 30 நாளை நண்பர் வந்து பார்ப்பதற்காகக் காத்திருந்து வீணாக்காதீர்கள், முதல் வாரத்திலேயே எல்லாச் சோதனையும் முடித்துவிடுங்கள்.

ஏலத்தில் சுத்தியல் விலையை, அதாவது ஏலம் முடிந்த தொகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 800 டாலருக்கு ஏலம் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் கட்டணம் 20 சதவிகிதம் என்றால் அது 960 ஆகிவிடும், சில இடங்களில் அதற்கு மேலும் உண்டு. நியூஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவிகிதம், அது ஒரு 63 டாலர் 60 சென்ட். பெட்டி கட்டி அனுப்ப 85 டாலர் என்று வைத்தால் 1,108 டாலரைத் தாண்டிவிட்டது. என் வழி இதுதான்: மனத்தில் இருக்கும் மொத்தத் தொகையை 1.4ஆல் வகுத்து, வருவதுதான் என் உச்ச ஏல விலை. 1,100 டாலர் மனத்தில் இருந்தால் 785இல் கையைக் கீழே போட்டுவிடுவேன்.

நேர விஷயம் ஒன்று. சில ஏல நிறுவனங்களில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு முன் ஒரு தடவையாவது அந்தச் சாமானுக்கு விலை கேட்டிருந்தால்தான் கடைசிச் சுற்றில் கலந்துகொள்ள முடியும். விதிமுறையைப் படிக்காமல் கடைசி நிமிடத்தில் போய் நின்று ஒரு ஷீட்டை இழந்திருக்கிறேன்.

7. அனுப்பும் முறையைப் பணம் கட்டும் முன்பே பேசுங்கள்

ஷீட்டுகள் சாவதே இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தட்டையாக அனுப்புவதா, சுருட்டி அனுப்புவதா? கார்டுத் தாள் தடிமனானது, இறுக்கிச் சுருட்டினால் அச்சு மேல்தளம் வெடித்து வெள்ளைக் கோடு விழும், அதை எந்த வைத்தியத்தாலும் சரிசெய்ய முடியாது. சுருட்டியே ஆகவேண்டும் என்றால் குறைந்தது 6 இன்ச் விட்டமுள்ள குழாய் கேளுங்கள், 8 இருந்தால் இன்னும் நல்லது. குழாய்க்குள் ஷீட்டை அப்படியே நுழைக்கக் கூடாது. அமிலமற்ற தாளை ஷீட்டின் மேல் வைத்து, அதைவிடச் சின்னக் குழாயொன்றின் மேல் தளர்வாகச் சுற்றி, அப்புறம் பெரிய குழாய்க்குள் வைக்க வேண்டும். இரண்டு முனையிலும் இரண்டு இன்ச்சாவது இடைவெளி, அதில் அடைப்பு.

தட்டையாக என்றால் இரண்டு நெளிவட்டைப் (பெட்டி செய்யும் அட்டை) பலகைக்கு நடுவே வைத்து, பலகைகளின் நெளிவு ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டச் சொல்லுங்கள். டேப் ஷீட்டில் படவே கூடாது. செலவுதான் உறைக்கும். ஃபெடெக்ஸும், கணக்கு வைத்து அனுப்புகிறவர்களுக்கு யுபிஎஸ்ஸும், கன அளவை 139ஆல் வகுத்து எடை போடுகிறார்கள். 48க்கு 32க்கு 3 இன்ச் பொதி என்றால் 4,608 கன இன்ச், அது 34 பவுண்டு சாமானாகக் கணக்காகும், உள்ளே இருப்பது இரண்டு பவுண்டு கூட இல்லாவிட்டாலும். அஞ்சல் துறையில் 22 இன்ச்சுக்கு மேல் நீளம் என்றால் கூடுதல் கட்டணம், 30 இன்ச்சைத் தாண்டினால் இன்னும் கூடும். இதையெல்லாம் விற்பவர் முன்கூட்டியே யோசிப்பதில்லை. பணம் வாங்கிய பிறகு, செலவு அதிகமாகிறது சுருட்டி அனுப்பட்டுமா என்று கேட்பார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லாதீர்கள்.

ஐந்து மணி நேரத்துக்குள் காரில் போய் எடுத்துவர முடியும் என்றால் போய்விடுங்கள். பெட்ரோல் செலவு தட்டைப் பொதிச் செலவைவிடக் குறைவாகவே வரும், சாமானை நேரில் பார்த்தும் வாங்கலாம்.

8. வந்த நாளன்று

பிரிப்பதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கமும் படம் எடுங்கள். பிரிப்பதை இடைவெளி விடாமல் வீடியோவாக எடுங்கள். குளிர்காலம் என்றால் பெட்டியை ஒரு நாள் வீட்டுக்குள் அப்படியே வைத்திருந்துவிட்டுப் பிரியுங்கள், சில்லென்ற தாள் சட்டென்று வெப்பத்துக்கு வந்தால் ஈரம் இழுத்து வளையும். சுருண்டு வந்த ஷீட்டை எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்த முயலவே வேண்டாம். சுத்தமான மேசையில் இரண்டு அமிலமற்ற தாளுக்கு நடுவே விரித்து, மேலே கண்ணாடியோ பலகையோ சமமாகப் பாரம் வைத்து இரண்டு மூன்று வாரம் விட்டால் தானாகப் படியும். அயர்ன் பெட்டியைத் தொடாதீர்கள்.

9. வைக்கும் விதம்

சட்டம் போடும் கடையில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: ஒட்டக் கூடாது. அவர்கள் வழக்கமாகப் போஸ்டரைப் பசைத்தாளோடு சூடுபடுத்திப் பலகையில் ஒட்டிவிடுவார்கள், அதைச் செய்தால் ஷீட்டின் பின்பக்கம் என்றைக்கும் திரும்பக் கிடைக்காது, விலையும் போய்விடும். அமிலமற்ற பலகை, மூலைப் பிடிப்பு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக், ஷீட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே இடைவெளி, இவ்வளவையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எனக்கு ஒரு 132 கார்டு ஷீட்டுக்கு 340 டாலர் ஆனது, மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். சட்டம் வேண்டாம் என்றால் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தட்டையாகக் கட்டிலுக்கடியில் வைக்கலாம், பேஸ்மென்ட்டில் மட்டும் வேண்டாம், ஈரம்.

வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருட்களுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், பாலிசியைத் திறந்து பாருங்கள். அதைத் தாண்டினால் சேகரிப்புக்கென்றே உள்ள காப்பீடு எடுத்துவிடுங்கள்.

10. ஷீட்டை வெட்ட வேண்டும் என்று தோன்றும்போது

தோன்றும். ஷீட்டில் கென் கிரிஃபி ஜூனியரோ ரிப்கெனோ கூர்மையான மூலையோடு உட்கார்ந்திருப்பார், தனியாக வெட்டித் தரம் போட்டால் பத்து கிடைக்குமே என்று மனம் கணக்குப் போடும். தரமிடும் நிறுவனங்கள் விளிம்பைத்தான் முதலில் பார்க்கின்றன. தொழிற்சாலையில் வெட்டியதற்கும் வீட்டில் கத்தி வைத்து வெட்டியதற்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும், அளவு ஒரு இழை குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். நேர்மையும் இதில் அடங்கியிருக்கிறது. 1991இல் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 4,51,000 டாலர் கொடுத்து வாங்கிய, டி206 என்ற பழைய சிகரெட் கார்டு வரிசையின் ஹோனஸ் வாக்னர் கார்டு, உலகிலேயே நல்ல நிலையில் உள்ளது என்று பல வருடம் கொண்டாடப்பட்டது. அதன் ஓரங்களைத் தான்தான் வெட்டிச் சீராக்கியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார், மோசடி வழக்கில் சிறைக்கும் போனார். நீங்கள் வெட்டிய கார்டு நாளைக்கு யாரோ ஒரு பையனின் கையில் தொழிற்சாலைக் கார்டாகப் போய்ச் சேரும். வெட்டாதீர்கள்.

11. நேரில் பார்த்து வாங்க

வருடம் ஒருமுறை ஜூலைக் கடைசியை ஒட்டி ‘நேஷனல்’ என்று எல்லோரும் சொல்லும் தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாடு நடக்கும், 2024இல் கிளீவ்லாண்டிலும் 2025இல் சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட்டிலும் நடந்தது. ஐந்து நாள். நுழைவுச் சீட்டையும் விடுதியையும் வசந்தத்திலேயே எடுத்துவிடுங்கள், ஜூன் வந்தால் பக்கத்து விடுதிகளின் வாடகை தாங்காது. முதல் இரண்டு நாள் வாங்காமல் சுற்றிப் பாருங்கள், லூப்பையும் காலிப்பரையும் பையில் வைத்திருங்கள், விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அசலான புரூஃபையும் ஷீட்டையும் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, பெரும்பாலான வியாபாரிகள் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஷீட் வாங்குவதென்றால் ஞாயிறு மதியம் போங்கள். அவ்வளவு பெரிய தாளை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக யாருக்கும் விருப்பம் இருக்காது, ரொக்கத்தைக் காட்டிக் கேட்டால் நல்ல விலைக்கு இறங்கி வருவார்கள். போகும்போது காரின் பின்சீட்டை மடக்கினால் 28க்கு 43 இன்ச் தட்டையாகப் படுக்குமா என்று வீட்டிலேயே அளந்துவிட்டு, இரண்டு நெளிவட்டைப் பலகையையும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.